கொக்கி இருந்த இடத்தில் கரண்டி

கொக்கியைக் காணவில்லை.

செல்வநாதன் நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீடு போய் வந்த பிறகு அவர் பார்க்கும் முதல் ஈ அது.

பழ ஈக்களில் சில இனங்கள் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும். ஆணின் பிறப்புறுப்போரம், தூசியிலும் சின்னதாக ஒரு மடல் உண்டு. அதை வைத்துத்தான் இது இன்ன இனம் என்று சொல்ல முடியும். செல்வநாதனின் ஈக்களுக்கு அது கொக்கி. முப்பது தலைமுறையாகக் கொக்கி. கொக்கி மாறவே இல்லை என்று இருநூறு பக்கம் எழுதி, பைண்டிங்குக்குக் கொடுக்கவிருந்தார். மார்ச்சுக்குள் டாக்டர் பட்டம் வராவிட்டால் கல்லூரியில் வேலை இல்லை.

இப்போது கொக்கி இருந்த இடத்தில் ஒரு கரண்டி.

"நான்சி, எல்லாம் மாறிப்போச்சு!"

"எது?" என்றாள் மனைவி.

சொன்னார்.

"ரெண்டு வருஷமா அதத்தான் பாத்துகினு இருந்தீங்களா? கோயில்ல ஃபாதர் கேட்டப்ப 'ஈ'ன்னு மட்டும் சொல்லி நிறுத்திக்கிட்டேன், நல்லவேளை."

சந்தேகம் தீர இன்னும் பத்து ஆண்களை ஈதர் காட்டி மயக்கினார். அவசரத்தில் மருந்து கூடிப்போனதில் பத்தும் பரலோகம் சேர்ந்தன. பத்துக்கும் கரண்டி.

"பூச்சிங்கல்லாம் நல்லாருக்கா சார்?" என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார் பக்கத்து குவார்ட்டர்ஸ் தனகோட்டி. நெய்வேலி மைன்ஸில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவர் கேட்பது அதைத்தான். ஊருக்குப் போனால் சாவி வாங்கி வைத்துக்கொள்கிற மனிதர். அந்த பிளாக்கிலேயே ஈக்களை நலம் விசாரித்த ஒரே ஜீவன்.

"பத்து போயிடுச்சுங்க."

"ஐயையோ!" தனகோட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

வழிகாட்டிப் பேராசிரியர் ராஜேந்திரனுக்கு செல்வநாதன் போன் போட்டார்.

"வேற இனம் கலந்திருக்கும்யா."

"இல்லீங்க சார். பஞ்சு அடைச்ச புட்டி. என்னைத் தவிர யாரும் தொடல."

"அப்படின்னா ஐயாயிரம் வருஷத்து வேலை ஒரே மாசத்துல நடந்திருக்கு! நெய்வேலி மண்ணு செஞ்ச வேலைய்யா இது. பழசக் கிழிச்சுப் போடு!"

கிழித்தார். இரவு பகலாகப் புதிதாக எழுதினார். 'புட்டியை வேறெவரும் தொடவில்லை. பொய்யென்றால் பட்டமும் வேண்டாம், வேலையும் வேண்டாம்' என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

மார்ச்சில் ஆய்வேட்டைச் சோதிக்க மூன்று பேராசிரியர்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து பார்த்தார்கள். மூத்தவர் கால் மணி நேரம் நிமிரவே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

"பிரமாதம்!" என்று பேனாவைத் திறந்தார் அவர்.

நான்சிக்கு டியூட்டி என்பதால் டீ கொண்டுவந்தது தனகோட்டி. யாருக்கும் நீட்டாமல் தட்டோடு நின்றார்.

"இம்மாம் பெரியவங்கல்லாம் வந்து பாக்குறீங்க, மனசு உறுத்துது, சொல்லிடறேன் சார்," என்றார். "நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப வூட்ல கொசு அண்டக்கூடாதேன்னு மருந்தடிச்சதுல உங்க பூச்சி ஒண்ணுகூட மிஞ்சல, மந்தாரக்குப்பம் பழக்கடைல அதே சைஸ்ல பாத்துப் பாத்துப் புடிச்சாந்து போட்டேன், அதுலகூடவா வித்தியாசம் தெரியுது?"