பழைய வயிற்றுக்கும் ஒரு பிரார்த்தனை

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை எழுதிக்கொள்வது. நான் நலமாக இருப்பதாக ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை மூன்றும் ஏகமனதாகச் சொல்கின்றன. என் வயிறு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் அத்தானும் ஆண்டவன் அருளால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எடை குறைய நான் போன வருஷம் ஆபரேஷன் செய்துகொண்டது உனக்குத் தெரியும். இருபத்தேழு கிலோ போயிற்று. போன இடத்தில் வலி வந்து குடியேறிவிட்டது. சாப்பிட்டால் வரும், சில நாள் சாப்பிடாமலே வரும், சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும். டாக்டர் படத்தைப் பார்த்து, "எல்லாம் சுத்தமா இருக்கும்மா" என்பார், ஏதோ நான் பாத்திரம் கழுவி அடுக்கிவைத்த மாதிரி. "மனசுல ஏதாவது கவலையா?" என்றார். "வலிதான் டாக்டர் கவலை" என்றேன். எழுதிக்கொண்டார்.

வரவும் செலவும் இடித்தால் எனக்குத் தூக்கம் வராதே. அதனால், வெட்டியெடுத்த இரைப்பையை என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"எடுக்கலையே. மேல கொஞ்சம் பிரிச்சு, சின்னப் பையா பண்ணி, குடலோட சேத்துட்டோம். பழசு உள்ளதான் இருக்கு."

"உயிரோடயா?"

"உயிரோடதான். சாப்பாடு மட்டும் அதுக்குப் போகாது."

அக்கா, அன்றோடு என் நிம்மதி போயிற்று. இத்தனை காலம் எனக்காக உழைத்ததை ஓர் அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து நான் மட்டும் சாப்பிடுகிறேன். அது கேட்டுக்கொண்டுதானே இருக்கும்? சாயங்காலம் அடுப்பில் வெங்காயம் வதங்கும்போது ஒரு சத்தம் வரும். பசிச் சத்தம் இல்லை, யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி. ஒருநாள் என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "யாரு வந்திருக்கா?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. சாப்பிடும் முன் எனக்கு ஒரு பிரார்த்தனை. உள்ளே கிடக்கும் பழையதற்கு, மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்து, மன்னிப்பும் சேர்த்து, இன்னொன்று. அந்த இரண்டாவதுல வலி அப்படியே அடங்கிடுது அக்கா, சுவிட்சை அணைச்ச மாதிரி. எழுந்தா மறுபடி. எழப் பயந்து ஒருநாள் அப்படியே கிடந்துட்டேன், அடுப்புல சோறு கூழாப் போச்சு. "சாமி உனக்கு வரம் குடுக்கட்டும், எனக்குச் சோறு யாரு குடுப்பா?"ங்கிறார் இவர்.

வெட்கத்தை விட்டு இதையும் டாக்டரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"குனிஞ்சா நிக்குதா? இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

எடை குறைந்ததில் உள்ளே ஓர் இடுக்கு விழுந்திருக்கலாமாம். குடல் அதில் போய்ப் போய் மாட்டுமாம், குனிந்தால் விடுபடுமாம். எப்போதும் ஸ்கேனில் தெரியாதாம். முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாம். நாளைக் காலை சின்னத் துளை போட்டு, கேமராவை விட்டுப் பார்க்கப்போகிறார். உயிர் ஆண்டவன் கையில். ஆனால் உள்ளே வெளிச்சம் போடும்போது பழையது திரும்பிப் பார்த்துவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் முழங்கால் வலியோடு நீ அலைய வேண்டாம். எனக்காகவும் அதற்காகவும் வேண்டிக்கொள், போதும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
இரண்டு வயிற்றுக்காரியான உன் தங்கை

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. டாக்டர் சொன்ன இடுக்கேதான். குடலை விடுவித்துத் தைத்துவிட்டார். அந்த வலி போயே போச்சு. பழையதைப் பற்றியும் கேட்டேன். "அது பாட்டுக்குச் சுருங்கிக் கிடக்கும்மா. செருமவெல்லாம் செருமாது" என்றார். நிம்மதியாகத் தூங்கினேன். சாயங்காலம் இவர் வீட்டிலிருந்து போன் செய்தார், ரொம்ப மெதுவாக.

"உன்னை எப்ப வீட்டுக்கு அனுப்புனாங்க? சொல்லவே இல்ல."

"நான் ஆஸ்பத்திரியிலதானே இருக்கேன்."



"அப்போ சமையலறையில செருமுறது யாரு?"

அந்தச் செருமல் எனக்கும் போனில் கேட்டது அக்கா. "என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்றேன். "வெங்காயத்தை அடுப்புல வதங்க விட்டுட்டு இப்பதான் கூடத்துக்கு வந்தேன்" என்றார். "அதுக்கு ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு வச்சுட்டு வெளிய வாங்க. கதவை மட்டும் சாத்திடாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். முழங்காலைப் பார்க்காமல் நீ உடனே கிளம்பி வா.