மூன்றாவது காப்பி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ‘மூணு காப்பி’யைப் போல முன்ஜாக்கிரதையான மனிதர் இந்தப் பூமியில் வேறு யாரும் பிறக்கவில்லை. ஒரு காப்பி கேட்டாலும் மூன்று எடுத்துத் தருவார். “ஒண்ணு குடுக்க, ஒண்ணு வெச்சிக்க, ஒண்ணு தொலைக்க” என்பது அவர் கொள்கை. பெயரை மட்டும் கேள்விப்பட்ட சம்பந்தி வீட்டில் அவருக்கு மூன்று டம்ளர் காப்பி போட்டு வைத்தார்கள். மூன்றையும் குடித்தார்.

ஷார்ஜாவில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்கக் கிளம்பினார். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான் என்பதால், தெருவில் எல்லார் ஃபாரமும் என் தலையில்தான். பயண இன்சூரன்ஸ் ஃபாரத்தில் ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்’ என்றொரு கட்டம்.

“சக்கரைய மறைச்சிட்லாம்ணா. சட்டுனு முடியும்” என்றேன். படித்தவன் அல்லவா!

“இன்னாபா பேசுற? அங்க போய் வியுந்தா எவன் பாப்பான்? எல்லாத்தயும் எய்து.”

எழுதினேன். சர்க்கரை, எட்டு வருடம். ஒன்பது வயதில் அம்மை. மோர் குடித்தால் தும்மல். மச்சானைப் பார்த்தால் தலைவலி என்பதையும் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினார். கட்டம் போதாமல் தனித்தாள் இணைத்தோம்.

பாலிசி வந்ததும், நோய்ப் பட்டியலோடு உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, எறும்பெழுத்தில் மூன்று அட்டை லேமினேஷன் போட்டார். ஒன்று கழுத்தில். ஒன்று பெட்டியில். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“நான் இன்னாணா பண்றது?”

“தொலைக்கறதுக்கு ஒண்ணு வோணும்ல? வெச்சிக்கோ.”

ஷார்ஜாவில் இறங்கியதும் மகள், “ஊரே பாக்குது நைனா, கயட்டு” என்றாள். கோபித்துக்கொண்டு அந்த அட்டையையும் பெட்டிக்குள் போட்டு நம்பர் பூட்டைப் பூட்டினார். நான்காம் நாள் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பாலிசி கேட்டார்கள். பாலிசி பெட்டிக்குள். பெட்டியின் நம்பர் அவர் தலைக்குள். தலை மயக்கத்தில்.

மகள் அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டபோது நான் வாலாஜாபாத் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். இன்சூரன்ஸ் ஆளையும் லைனில் சேர்த்தாள். “சுகர் இருக்குன்னு முன்னாடியே எழுதியிருக்காரா?” என்றார் அவர். பேச்சு கேட்டது, போட்டோ அனுப்ப நெட் எடுக்கவில்லை. பர்ஸிலிருந்த அட்டையை எடுத்துக் கத்திப் படித்தேன்.

“இம்மாம் வியாதியா! ஆளு கீறாரா, போய்ட்டாரா?” என்றாள் ஒரு கூடைக்காரம்மா.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “மோர்ல நிறுத்திட்ட, மேல படிபா.”

சர்க்கரை முதல் வரியிலேயே இருந்ததால் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார்கள். அவரும் இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்தார். என் பேச்சைக் கேட்டு மறைத்திருந்தால்?

ஊர் திரும்பியவர் முதல் வேலையாக டிஸ்சார்ஜ் தாளை மூன்று காப்பி எடுத்தார். பிறகு என்னிடம் கை நீட்டினார்.

“அந்த அட்ட எங்கபா?”

“தொலைஞ்சிட்ச்சிணா.”

“பாத்தியா! அதுக்குத்தான் மூணு!” கடையே அதிரச் சிரித்தார்.

அந்தப் பாலிசி எப்போதோ காலாவதியாகிவிட்டது. அட்டை மட்டும் இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது.