கைப்பிழைச் சான்றிதழ்

தீயைக் கண்டுபிடித்தவர் யாரென்று உலகத்துக்குத் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவரும் முகவரி விட்டுவிட்டுப் போகவில்லை. ஆனால் கழுத்துச் சங்கிலி வளையலாகவும், வளையல் கொண்டை ஊசியாகவும் மாறலாம் என்ற மகத்தான முடிவு எங்கள் நகைமாளிகையின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணிக்கு எடுக்கப்பட்டது. கூட்டக் குறிப்பை எழுதியவன் அடியேன்தான்.

என் பதவி 'கைவினை மெய்ம்மை அலுவலர்'. ஒவ்வொரு நகையோடும் 'இது மனிதக் கையால் செய்யப்பட்டது' என்று ஒரு சான்றிதழ் போகும். அதில் கையெழுத்துப் போடுவது என் தொண்டு. அந்த 'மாறுநகை'யைச் செய்கிறவர் என் மனைவியின் அண்ணன். மச்சான் வைத்த கீல் எங்கே இருக்கிறதென்று உருப்பெருக்கிக் கண்ணாடிக்கே தெரியாது. இழுத்தால் வளையல், மடக்கினால் ஊசி, விட்டால் மறுபடி சங்கிலி.

இந்தக் குறையை முதலில் கண்டுபிடித்தவர் ஆலோசகர்.

"இதுல ஒரு தப்புகூட இல்லையே," என்றார் வருத்தத்தோடு. "மெஷின்ல செஞ்சதுன்னுதானே நினைப்பாங்க? இதுல மனுஷன் எங்க இருக்கான்?"

முதலாளி நகையைத் திருப்பித் திருப்பி மனிதனைத் தேடினார். மனிதர் எதிரிலேயே கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

அன்றே விதி பிறந்தது, அதை அளந்து பார்க்க ஒரு குழுவும் பிறந்தது. நகை ஒன்றுக்குக் குறைந்தது மூன்று 'கைப்பிழைகள்' இருக்க வேண்டும். வெளியீட்டு விழாவுக்குள் பிழை செய்யக் கற்றுக்கொள்ளாதவருக்கு வேலை இல்லை.

வீட்டில் என் மனைவி இந்த விதியைத் தன் பாணியில் விளக்கினாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான். அது போச்சுன்னா உலையைத் தூக்கிட்டு வந்து நம்ம கூடத்துலதான் வைப்பாரு. நீங்க எங்க படுக்கப் போறீங்கன்னு இப்பவே யோசிச்சுக்குங்க."

மறுநாள் காலையிலேயே பட்டறைக்குப் போனேன்.

"மச்சான், ஒண்ணும் யோசிக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு மூணு தட்டு தட்டுங்க."

தட்டினார். மூன்று பள்ளங்கள். ஒரே ஆழம், ஒரே இடைவெளி, நூல் பிடித்த நேர்க்கோடு. குழு அளந்து பார்த்து, 'பிழைகளில் பிழையில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியது.

"இடது கையால தட்டிப் பாருங்க."

"எனக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான் மாப்ளே," என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இருந்தாலும் கடமை கடமைதான். அறிக்கையில் 'முயற்சி போதாது' என்று எழுதினேன்.

ஆலோசகர் சும்மா இருப்பவரா? கடல் கடந்து ஓர் எந்திரத்தை வரவழைத்தார். பெயர் 'தானியங்கிக் கைப்பிழைக் கருவி'. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வந்தவன் தட்டுவது போலவே அது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டியது. முதலாளி மெய்சிலிர்த்தார். "என்னமா ஒரு மனுஷத்தன்மை," என்றார். மச்சான் செய்த நகையை அதன் அடியில் வைத்து எடுத்தார்கள். 'மனிதக் கையால்' என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

விழா வந்தது. முதலாளியம்மா அந்த நகையை அணிந்து மேடையேறினார். மூன்றாவது கைப்பிழை கீலின் மேலேயே விழுந்திருந்தது யாருக்கும் தெரியாது. சங்கிலியை மணிக்கட்டுக்கு இழுத்தார். பாதி வளையலாயிற்று. மீதிப் பாதி கழுத்தை விட மறுத்துவிட்டது. வலது கை தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டது. கையை இழுக்க இழுக்கத் தலை மேலே போனது.

அரங்கம் எழுந்து நின்றது. பிறகு கைதட்டியது.

"நிக்கிற நிமிர்வைப் பாருங்க," என்றார் முன்வரிசை அம்மாள் ஒருவர். ஐந்து நிமிடத்தில் பாதி அரங்கம் தாடையில் கைவைத்து நின்றது, பல்வலிக்காரர்கள் மாநாடு போல. அங்கேயே நாற்பது பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார்கள்.

"மூச்சு முட்டுது. யாராவது கழட்டி விடுங்களேன்," என்று முதலாளியம்மா சிரித்த முகத்தோடு பல்லிடுக்கில் முனகினார்.

ஓடிப்போய் மச்சானை அழைத்து வந்தேன். அவர் கட்டைவிரல் நகத்தால் சங்கிலியை ஒருமுறை தடவினார். சாமண இடுக்கியால் ஓரிடத்தில் லேசாக நெம்பினார். திறந்துகொண்டது. கழுத்தில் ஒரு கீறலில்லை.

"கீல் நசுங்கியிருக்கும்மா, மயிரளவு. யாரு தட்டுனது இதை?"

நான் கூரையைப் பார்த்தேன். முதலாளியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, மச்சான் வேலை தப்பியது, கூடமும் தப்பியது என்று நிம்மதியாக வீடு திரும்பினேன்.

மறுநாள் குழு கூடியது. நாற்பது பேரும் கேட்டது கை மாட்டிக்கொள்ளும் நகையை. ஆகவே மாறுநகை இனி மாறத் தேவையில்லை. முழுவதையும் எந்திரமே செய்துவிடும். கருணையுள்ள குழு என்பதால் மச்சானை அனுப்பிவிடவில்லை. கடை வாசலில் ஒரு கண்ணாடி அறை கட்டி, சுத்தியலும் கொடுத்து உட்கார வைத்தது. தங்கம் மட்டும் கொடுக்கவில்லை. காலை பத்து முதல் மாலை ஆறு வரை வெறும் பட்டடையைத் தட்டுகிறார். வருகிறவர்கள் அவரோடு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய் நகை வாங்குகிறார்கள்.

"வெறும் இரும்பைத் தட்டினாலும் கை அளந்துதான் விழுது மாப்ளே," என்றார் என்னிடம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அலுவல் இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அலுவல் இருக்கத்தான் செய்தது. குழு என் நாற்பது சான்றிதழ்களையும் உருப்பெருக்கிக்குக் கீழே பரப்பி வைத்திருந்தது. நாற்பதிலும் ஒரே சாய்வு, ஒரே சுழி, ஒரே புள்ளி.

ஆலோசகர் வருத்தத்தோடு தலையசைத்தார். "என்ன சார் இது? இப்படி எழுதினதுக்குக் கீழ கையெழுத்துப் போடுற மனுஷனுக்கு ஒரு தடவையாவது கை நடுங்காதா? யாரும் நம்பமாட்டாங்களே."

இப்போது என் கையெழுத்தையும் அந்த எந்திரமே போடுகிறது. நன்றாகவே நடுங்குகிறது.