பன்னீர்ப்பூத் தெருவின் முதல் ராப் வெளியீடு

திண்டுக்கல்லின் வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் படிக்க வேண்டும்: பாஸிலாவின் ராப் பாட்டுக்கு முன், ராப் பாட்டுக்குப் பின். மலைக்கோட்டையைக் கட்டியவர்களுக்குக்கூட இந்தப் பெருமை வாய்க்கவில்லை. பன்னீர்ப்பூத் தெரு முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். தெரு எந்தப் பக்கம் முன்னேறுகிறது என்று கேட்பவர்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டாதவர்கள்.

பாஸிலா கல்லூரியில் படிக்கிற பெண். அவள் அம்மா முஹ்சினா, வாசலில் மூடியில்லாத சாக்கடையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே வாக்கர் பிடித்து நடக்கிறார். வாசலைத் தாண்ட வழியில்லை. மகள் புகார் கொடுத்தாள். புகார் ‘பரிசீலனையில்’ இருந்தது. பொறுமையில்லாத தலைமுறை! செல்போனிலேயே பாட்டுச் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டாள்.

‘ஓட்டுக்கு வந்தே வீடு வீடா,
ஓடைக்கு எப்போ? மூடி போடா!’

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவர்கூட இதைத் தாளம் போட்டுப் பாடினார். கவுன்சிலர் பிராங்க்ளின் எனக்குப் போன் செய்தபோது, திட்டு வாங்கத் தயாராகவே எடுத்தேன்.

“யோவ் செயலாளரு, நம்ம வார்டுல இம்புட்டுப் பெரிய கலைஞரா? விழா எடுக்க வேணாமா?”

“அண்ணே, பாட்டு உங்களத்தான்...”

“கலையக் கலையாப் பாக்கணும்யா. அந்த ‘போடா’வ மட்டும் ‘போடுங்கள் ஐயா’ன்னு மாத்தச் சொல்லு.”

என்னே பெருந்தன்மை! அவள் மாற்ற மறுத்தாள். ஆனாலும் விழா நிற்கவில்லை. பாட்டை லட்சம் பேர் கேட்டிருந்தால் என்ன? ஒருவர் வெளியிட்டு, இன்னொருவர் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளும் வரை அது வெளியாகாத பாட்டுதான். எனவே தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு ஒரு பென்டிரைவை வைத்துக் கவுன்சிலர் வெளியிட, நான் பெற்றுக்கொண்டேன். அதில் பாட்டு இல்லை. ஏற்ற மறந்துவிட்டோம். முதல் பிரதியைப் பெறுவதுதான் மரபு. திறந்து பார்ப்பது மரபல்ல.

தெரு குறுகல் என்பதால் பந்தல்காரர் ஹாமித் சாக்கடைமேல் பலகை பரப்பி மேடை போட்டிருந்தார். அந்தப் பலகையில் கால் வைத்து முஹ்சினா முதன்முறையாக வெளியே வந்து, எதிர்ப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கவுன்சிலர் பலகைமேல் நின்று காலால் தட்டினார். “சாக்கட சாக்கடங்கிறாக. எங்கய்யா இருக்கு சாக்கட? நான் நிக்கிற எடத்துல இல்லையே!” கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. அடுத்து நான், “ஒரே பாட்டில் குறை தீர்ந்தது! தெருவே மணக்கிறது!” என்றேன். பொன்னாடைகள் தொடர்ந்தன. பாஸிலாவுக்கு, நேரமின்மை காரணமாக, இரண்டு வரி பாட அனுமதி கிடைத்தது. ‘போடா’ வரும்போது மைக் தற்செயலாக நின்றது. அவள் கோபப்படவில்லை. செல்போனில் எங்கள் பேச்சையெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்தாள். கலைஞர்களுக்குப் பெரியவர்கள்மேல் உள்ள மரியாதை!

பலகைமேல் முஹ்சினாவோடு கவுன்சிலர் நின்ற படம் அன்றே புகாரோடு சேர்க்கப்பட்டது. ‘சாக்கடை மூடப்பட்டது. பயனாளி மகிழ்ச்சி. புகார் முடிக்கப்பட்டது.’

படம் எடுத்த கையோடு அந்த அம்மாவை மறுபடியும் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். அதற்குள் ஹாமித் பலகைகளைக் கழற்றிவிட்டார்.

“செத்த நேரம் பொறுங்கண்ணே, அம்மா உள்ள போகட்டும்!” என்று பாஸிலா ஓடிவந்தாள்.

“தாடிக்கொம்புல கல்யாணம் தாயி. பலக அங்க போகணும்ல?”

நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கிச் சாக்கடையைத் தாண்டினார்கள். அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். கவுன்சிலர் அதற்குள் காரில் ஏறியிருந்தார்.

அடுத்த வாரம் பாஸிலாவின் இரண்டாவது பாட்டு வந்தது. விழா இல்லை, பென்டிரைவ் இல்லை. டொக் டொக் என்று ஒரு தாளம். அதன்மேல் கவுன்சிலரின் குரல்: “எங்கய்யா இருக்கு சாக்கட?” பின்னாலேயே என் குரல்: “தெருவே மணக்கிறது!” திரும்பத் திரும்ப அதுதான். வீடியோவில் திறந்து கிடந்த சாக்கடை. மாவட்டமே சிரித்தது.

கவுன்சிலர் கொதித்தார். “அவதூறு வழக்குப் போடுய்யா!”

நான் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே வாக்கர் டொக் டொக் என்று வாசல் வரை வந்து நின்றது.

“பாட்டு எழுதினவங்க மேல கேஸ் போடப் போறோம், பாஸிலா.”

“தாராளமாப் போடுங்க மாமா. பாட்டுக்குக் கீழ எழுதுனவங்க பேரப் போட்டிருக்கேனே, பாக்கலையா?”

பார்த்தேன். பாடல் வரிகள்: கவுன்சிலர் பிராங்க்ளின் மற்றும் பன்னீர்ப்பூத் தெரு முன்னேற்றச் சங்கச் செயலாளர்.

“நான் ஒரு வார்த்தகூடச் சேக்கல மாமா” என்றாள்.