ரெண்டு தடவை காட்டணும்

“நீதிபதி மறுபடியும் வந்துட்டாருடா,” என்றாள் அக்கா, போனை எடுத்த எடுப்பிலேயே. “கையில, புத்தகம் திருப்பலைன்னு எட்டு நோட்டீஸ். எட்டும் உன் சாஃப்ட்வேர் அனுப்பினது.”

தம்பி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். அக்கா ஒரு பொது நூலகத்தின் தலைமை நூலகர். மாற்றலாகி அங்கே வந்து ஓராண்டு ஆகிறது. தம்பி, நூலகங்களுக்கான கட்டற்ற மென்பொருள் ஒன்றை எழுதிப் பராமரிப்பவன். அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திட்டலாம். மூன்றாவது உரிமையைத்தான் எல்லோரும் பயன்படுத்தினார்கள்.

“புத்தகத்தை அவர் திருப்பிக் கொடுத்தாரா?”

“என் கண்ணு முன்னால கொடுத்தார். எட்டும் அலமாரியில இருக்கு. உன் சாஃப்ட்வேர் மட்டும் அவர் வீட்டுல இருக்குன்னு சாதிக்குது. ஆயுசு பூரா தீர்ப்பு சொன்ன மனுஷனைப் புத்தகத் திருடனாக்கிட்டியே!”

“அக்கா, முறையா ஒரு பிழை அறிக்கை போடேன். எந்தப் பதிப்பு, என்ன செஞ்சீங்க, என்ன நடந்துச்சுன்னு...”

“போட்டாச்சு.”

உண்மைதான். ‘வேலை செய்யவில்லை’ என்று போட்டிருந்தாள். அதன் கீழே தம்பியோடு உழைக்கும் தன்னார்வலர் ஒருவர் பதினோரு கேள்விகள் கேட்டிருந்தார். பதினோரு கேள்விக்கும் சேர்த்து அக்காவின் பதில்: ‘இன்னும் வேலை செய்யவில்லை.’

“வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. நீதிபதிதான் தலைவர். அதுக்குள்ள சரியாகலைன்னா கம்பெனிக்காரன் சாஃப்ட்வேரை வாங்கிடுவாங்க. தம்பின்னு நான் தடுக்க முடியாது.”

அவன் மென்பொருளை வைத்திருப்பவற்றிலேயே பெரிய நூலகம் அது. அது கழன்றுகொண்டால் சின்ன நூலகங்களும் வரிசையாகப் போய்விடும். ஒன்பது வருட உழைப்பு அத்தோடு முடிந்தது.

பதிவேடுகளைத் தோண்டினான். நீதிபதியின் ஒவ்வொரு புத்தகமும் உள்ளே வந்த அடுத்த நொடியே மறுபடி அவர் பெயரில் வெளியே போயிருந்தது.

“அக்கா, கவுன்டர்ல ஒரு புத்தகத்தை எத்தனை தடவை ஸ்கேனர்ல காட்டறாங்க?”

“ரெண்டு.”

“ஏன்?”

“ஏன்னா? ரெண்டு தடவைதான் காட்டணும்.”

சங்கதி விளங்கிவிட்டது. ஸ்கேனர் என்பது மாறுவேடம் போட்ட விசைப்பலகை. புத்தகத்தில் ஒட்டிய பட்டைக் கோடுகளைப் படிக்கும், எண்ணைத் தட்டும், கடைசியில் ஒரு என்டர் தட்டும். ஒருமுறை காட்டினால் புத்தகம் திரும்பிவிட்டதாகப் பதிவாகும். அதே வாசகருக்கு அதே புத்தகம் மறுபடி வேண்டுமென்றால் இன்னொரு முறை காட்டினால் போதும். தம்பிக்கு அதில் பெருமை அதிகம்.

ஆனால் ஆரம்பத்திலிருந்தே மென்பொருளுக்கு ஒரு நோய் இருந்தது: முதல் ஸ்கேனை விழுங்கிவிடும். யாரும் புகார் சொல்லாததால் அவனும் அவசரப்படவில்லை. போன மாதம்தான் குணப்படுத்தினான். புதிய பதிப்பின் குறிப்பில், நாற்பத்தோராவது வரியில், அதைத் தெளிவாக எழுதியும் வைத்தான்.

நோய் போய்விட்டது. பத்தியம் தொடர்கிறது.

‘ரெண்டு தடவை காட்டச் சொல்லிக்கொடுத்த முட்டாள் யாரென்று தெரிந்தால், உதவிப் பக்கத்தின் முதல் வரியிலேயே அவன் பெயரைப் போடுவேன்’ என்று தன்னார்வலர் குழுவில் கொதித்தான். பதினான்கு பேர் சிரித்து வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு திருத்தம் அனுப்பினான். இரண்டாம் முறை காட்டினால் ‘மறுபடியும் இவருக்கே கொடுக்கவா?’ என்று திரையில் ஒரு பெட்டி கேட்கும்.

“இப்ப ஒரு புத்தகம் விட்டு ஒரு புத்தகம் தப்பாகுது,” என்றாள் அக்கா.

கவுன்டரில் யாரும் திரையைப் பார்ப்பதில்லை. பெட்டி கேள்வியோடு காத்திருக்க, அவர்கள் அடுத்த புத்தகத்தைக் காட்டினார்கள். ஸ்கேனர் தட்டிய என்டரைப் பெட்டி ‘ஆம்’ என்று எடுத்துக்கொண்டது. அந்த ஸ்கேனும் அதிலேயே கரைந்துபோனது.

“பார்த்தியா, முதல் தடவை விழுங்குது. ரெண்டு தடவை காட்டறதுதான் சரின்னு கவுன்டர்ல சொல்றாங்க.”

தம்பி பல்லைக் கடித்தான். புதன்கிழமை பெட்டியை எடுத்துவிட்டு, இரண்டாம் ஸ்கேனுக்கு ஓர் அபாயச் சங்கை வைத்தான்.

“லைப்ரரியில சங்கு ஊதலாமாடா? படிச்சிட்டிருந்த பாதிப்பேர் தீப்பிடிச்சதுன்னு வெளியே ஓடிட்டாங்க. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிட்டோம். இப்ப பீப் சத்தமும் இல்லை. அதனால சந்தேகத்துக்கு நாலு தடவை காட்டறாங்க.”

“நாலா! ரெட்டைப்படையில முடிஞ்சா புத்தகம் மறுபடி வெளியே போயிடுமே! மூணு தடவை காட்டியிருந்தாக்கூடத் தப்பிச்சிருப்போமே!”

“என்ன உளர்றே? நேர்ல வா.”

வியாழக்கிழமை காலை வண்டி பிடித்துப் போனான். வாசலில் பைகளை வாங்கி வைப்பவர் அவனுடைய பழைய தோள்பையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார். அவன் முகத்தையும் வழுக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். தம்பி நிற்கவில்லை.

“ஒரு தடவை போதும்மா,” என்றான் கவுன்டர் அம்மாவிடம்.

“இல்ல சார், ரெண்டு தடவை காட்டணும்.”

“இந்த சாஃப்ட்வேரை எழுதினதே நான்தான்.”

“இருக்கட்டும் சார். எழுதறவங்களுக்குக் கவுன்டர்ல நடக்கறது எப்படித் தெரியும்?”

“இந்த ஒரு புத்தகம் மட்டும். ஒரே தடவை. எனக்காக.”

ஒருமுறை காட்டினாள். திரையில் ‘திரும்பியது’ என்று வந்தது. அவன் அக்காவைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்துவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொரு முறை காட்டிவிட்டாள்.

“கை பழகிடுச்சு சார்.”

“யாரும்மா உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?”

“எனக்கு முன்னால இருந்த அம்மா.”

“அவங்களுக்கு?”

“அவங்களுக்கு முன்னால இருந்த சார். சொன்னவரே வந்து போதும்னு சொன்னா நிறுத்திடறேன். வேற யாரு சொன்னாலும் கை கேக்காது.”

“எந்த முட்டாள்தான் இதை ஆரம்பிச்சு வச்சான்?” தம்பியின் குரல் கூரையில் மோதித் திரும்பியது. வாசிப்பு மேசைகளிலிருந்து தலைகள் நிமிர்ந்தன.

“மெதுவாடா,” என்றாள் அக்கா.

முன்வரிசையிலிருந்து நீதிபதி எழுந்து வந்தார். கையில் ஒன்பதாவது நோட்டீஸ். “அந்த ஆசாமியை நாளைக்குக் கமிட்டி முன்னால கொண்டுவந்து நிறுத்துங்க. இனிமே ஒரு தடவைதான்னு அவர் வாயால சொல்லட்டும். சொல்லிட்டார்னா உங்க சாஃப்ட்வேரே இருக்கட்டும். இல்லைன்னா, மன்னிக்கணும்.”

“ஒன்பது வருஷக் கதை, சார். அந்த ஆளை இனிமே எங்கே போய்த் தேட?”

வாசலில் பைகளை வாங்கி வைப்பவர் மெல்ல உள்ளே வந்தார். அவர் கையில் தம்பியின் தோள்பை தொங்கியது.

“இதே பையோட வந்தவர்தான் சார். ‘அடுத்த வாரம் சரிபண்ணிட்டு நானே வந்து சொல்றேன், அதுவரைக்கும் ரெண்டு தடவை காட்டுங்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு,” என்றார் அவர். “அப்ப உங்களுக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு.”