நூறு லிட்டர் அமைதி

டொக், டொக், டொக்.

பாலிஷ்காரர் ஸ்ப்ரே கன்னும் கையுமாக அப்படியே நின்றார். புது கம்ப்ரஸர் காற்று நிரம்பி, அப்போதுதான் தானாக ஓய்ந்திருந்தது.

"ஏங்க, மேலே தட்டுறாங்க" என்றாள் மனைவி, அலமாரிக் கதவை உப்புத்தாளால் தேய்த்தபடி.

"எனக்கும் காது இருக்கு."

"போய் என்னன்னு கேளுங்களேன்."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? மிஷின் சத்தம் தாங்கல, தட்டுறார். நானே போய்த் தலையைக் கொடுக்கணுமா?"

மேலே இருப்பவர் வீட்டு ஓனர். முப்பது வருஷம் கப்பலில் இன்ஜினோடு மல்லுக்கட்டி, கத்திப் பேசியே பழகிய தொண்டை. "சாப்பிட்டீங்களா?" என்று அவர் விசாரித்தால்கூட, கேட்டவருக்குத் திட்டு வாங்கிய மாதிரி இருக்கும். முழங்கால் மக்கர் செய்வதால் இப்போதெல்லாம் படி இறங்குவதில்லை. சொல்ல வேண்டியதைக் கைத்தடியால் தரையைத் தட்டிச் சொல்கிறார். அவருடைய படுக்கையறைத் தரைதான் இவர்கள் பட்டறைக்குக் கூரை.

இந்த மாதக் கடைசியில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. ஓனர் மறுபடி கையெழுத்துப் போட்டால் பட்டறை உண்டு. இல்லாவிட்டால் பாலிஷ் அடிக்காத பதினெட்டு அலமாரிக் கதவுகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"பழைய மிஷின் இதைவிடக் கத்துமே. ஆறு வருஷத்துல ஒரு நாள் தட்டலையே?" என்றாள் மனைவி.

அவள் சொன்னது வாஸ்தவம். பழைய கம்ப்ரஸரில் எங்கேயோ காற்று கசியும். டேங்க் நிரம்பியதே இல்லை, அதனால் மோட்டார் நின்றதும் இல்லை. வெயில் ஏறினால்தான் பாலிஷ் வெளுக்காமல் காயும் என்று மதியம் ரெண்டு மணிக்குப் போட்டால், நாலு மணி வரை கடகடவென்று ஒரே ஓட்டம். கதவு மேலெல்லாம் தண்ணீரைத் துப்ப ஆரம்பித்ததால், போன வாரம்தான் அதைக் கடையில் தள்ளிவிட்டுப் புதிது வாங்கினார்.

பாலிஷ்காரர் யோசித்தார். "அப்பவும் தட்டியிருப்பார். மிஷின் நிக்கவே இல்லை, நமக்குக் கேக்கல. இது நடுவுல நிக்குது பாரு, அதான் கேக்குது."

மனைவிக்கு அந்தப் பதிலில் எங்கேயோ இடித்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

மறுநாள் காலை, புது கம்ப்ரஸரை விற்ற கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஐம்பது லிட்டர் டேங்க் எப்படிண்ணே போதும்? அது சும்மா சும்மா ஓடும். நூறு லிட்டர் எடுத்துட்டுப் போங்க. ஒரு தடவை நிரம்பிட்டா ரொம்ப நேரத்துக்கு வாயைத் திறக்காது."

"அப்படிக்கூட இருக்குமா?"

"மனுஷங்கள்ல கிடைக்காது. மிஷின்ல கிடைக்கும்."

நாலு பேர் சேர்ந்து அதை இறக்கி வைத்தார்கள். நிரம்ப நேரமெடுத்தது. நிரம்பியதும், சொன்னபடியே நின்றது. பட்டறையில் ஊசி விழுந்தால் கேட்கும்.

"பார்த்தியா?" என்றார் பாலிஷ்காரர் கிசுகிசுவென்று. "நூறு லிட்டர் அமைதி."

டொக், டொக், டொக், டொக், டொக்.

மோட்டார் மறுபடி ஓட ஆரம்பிக்கும் வரைக்கும் தட்டல் ஓயவில்லை.

"இப்பதான் சத்தமே இல்லையே, எதுக்குத் தட்டுறாராம்?" என்றாள் மனைவி.

"முன்னாடி போட்ட சத்தத்துக்கு. கோபம் ஆற நேரம் ஆகுமில்ல?"

"நான் வேணும்னா மேலே போய்ப் பேசட்டுமா?"

"வேண்டாம் தாயே. நீ பேசினா நாளைக்கே காலி பண்ணணும்."

மறுநாள் அவர் வேறு வழி கண்டுபிடித்தார். கம்ப்ரஸருக்கு அடியில் பழைய டயரைப் போட்டார். மேலே ஒரு மெத்தையைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார்.

"அது நான் படுக்கிற மெத்தை!"

"பட்டறையே போயிடுச்சுன்னா நீ எங்க படுப்பே?"

மெத்தைக்குள் கம்ப்ரஸர் முனகியது. பத்து நிமிஷத்தில் சூடேறித் தானாகவே அணைந்தது. அணைந்ததும் மேலே விழுந்தது பாருங்கள் அடி! கைத்தடி போதாதென்று செருப்பும் சேர்ந்துகொண்டது போலிருந்தது. கூரையிலிருந்து உள்ளங்கை அகலச் சுண்ணாம்புப் பத்தை பெயர்ந்து, அப்போதுதான் பாலிஷ் அடித்த கதவின் நட்டநடுவில் சப்பென்று ஒட்டிக்கொண்டது.

மனைவி அதைப் பார்த்தாள். மெத்தையில் கருகிய இடத்தையும் பார்த்தாள். உப்புத்தாளை அவர் கையில் திணித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சத்தமே வரக்கூடாது" என்றார் பாலிஷ்காரர், மறுபடி கடையில் போய். "காத்து வரலைன்னாலும் பரவாயில்லை."

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா?" கடைக்காரர் ஒரு சின்ன வெள்ளை மிஷினைக் காட்டினார். "ஆயில் கிடையாது, சத்தம் கிடையாது. பல் டாக்டருங்க வாங்கறது. பக்கத்துலயே படுத்துத் தூங்கலாம்."

மூலையில் பாலிஷ்காரரின் பழைய கம்ப்ரஸர் துருப்பிடித்துக் கிடந்தது.

"உங்க பழசை யாருமே கேக்கல. நாளைக்குப் பழைய இரும்புக்குப் போடப் போறேன்."

"இன்னைக்கே போடுங்க. எல்லாம் அந்தச் சனியனால வந்தது. ஆறு வருஷமா அவர் மனசுல கோபத்தை ஏத்தி ஏத்தி வெச்சிருக்கு."

வெள்ளை மிஷின் ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. ஸ்ப்ரே கன்னிலிருந்து பாலிஷ் கொட்டாவி விடுவது போல வந்தது. அரைக் கதவு அடிப்பதற்குள் மணி மூன்று. கதவுகளுக்குச் சொந்தக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

மேலேயோ, ரெண்டு மணிக்கு ஆரம்பித்த தட்டல் நிற்கவே இல்லை.

டொக், டொக், டொக், டொக்.

"இதைவிடச் சத்தம் கம்மியா வேணும்னா" என்றாள் மனைவி, "வாயால ஊதித்தான் அடிக்கணும்."

திடீரென்று தட்டல் நின்றது. படியில் காலடிச் சத்தம். வாசலில் ஓனரின் மருமகள் வந்து நின்றாள். தினமும் இந்நேரம் ஆபீசில் இருப்பவள். அவள் கையில் ஒரு பேப்பர்.

"அண்ணே, மாமா இதைக் கொடுக்கச் சொன்னார். ஒரு வாரமா மதியமெல்லாம் அவருக்குப் பொட்டுத் தூக்கமில்லையாம். எனக்கே இன்னைக்கு லீவு போட்டதாலதான் தெரிஞ்சுது."

பாலிஷ்காரர் பேப்பரை வாங்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம்மா, காலி மட்டும் பண்ணச் சொல்லாதீங்க. இந்த மிஷினையும் தூக்கிடறேன். இனிமே பிரஷ்ஷாலயே அடிக்கிறேன். இந்தப் பட்டறையில ஒரு பொட்டுச் சத்தம் வராது. சத்தியம்!"

மருமகள் முகம் மாறியது. "என்னண்ணே குண்டைத் தூக்கிப் போடறீங்க?"

அதற்குள் மனைவி பேப்பரை வாங்கிப் பிரித்துவிட்டாள். "ஏங்க, ஒப்பந்தம்! கையெழுத்துப் போட்டிருக்கார்! மூணு வருஷத்துக்கு!"

"மூணு வருஷமா?" பாலிஷ்காரர் கூரையைப் பார்த்தார், கதவில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். "அப்போ எதுக்குமா இந்தத் தட்டு தட்டினார்?"

"முப்பது வருஷம் கப்பல்ல இன்ஜின் பக்கத்துல படுத்துப் பழகினவர்ண்ணே, மோட்டார் நின்னா தூக்கம் போயிடும், 'நிறுத்தாதே, போடு'ன்னுதான் தட்டுறார். உங்க பழைய மிஷின் எங்கே?"