இருபது நிமிடத்தில் அலசவும்

ஒரு மாவட்டத்தின் முன்னேற்றத்தை அதன் மக்களுடைய மயிர்க்கால்களில்தான் அளக்க வேண்டும் என்ற பேருண்மையைக் கண்டறிந்த பெருமை கடலூருக்கே உரியது. மற்ற மாவட்டங்கள் சாலை, குடிநீர் என்று மேம்போக்கான விஷயங்களில் காலம் கழித்துக்கொண்டிருந்த 2008ஆம் ஆண்டில், மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இயங்கிய 'மாவட்டத் தென்னைப் பயன்பாட்டு மேம்பாட்டு அலுவலகம்' நேராக வேருக்கே போனது. 'தேங்காய்ப் பால் வழி இயற்கைக் கேசப் பராமரிப்புத் திட்டம்' பிறந்தது.

திட்டத்துக்குப் பதினாறு பக்கச் சுற்றறிக்கை. தேங்காயைத் துருவுவது, வெந்நீர் தெளித்துப் பிழிவது, முதல் பாலை மட்டும் எடுப்பது, விரல் நுனியால் உச்சியில் தேய்ப்பது என எல்லாம் அதில் இருந்தன. ஒன்பதாம் பக்கத்தில் 'இருபது நிமிடத்தில் அலசவும்' என்று இருந்தது. அதைத் தட்டச்சு செய்து அடிக்கோடும் இட்டவள் இளவரசி, அந்த அலுவலகத்தின் தற்காலிகத் தட்டச்சர். ஆறு வருடமாகத் தற்காலிகம்.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல் உண்டு. கண்காணிப்பாளர் ராஜமாணிக்கத்துக்கு அது திடீரென்று கண்ணில் பட்டது, அவள் விடுப்பு கேட்டு வந்து நின்ற அன்றைக்கு.

"சார், பதினாலாம் தேதி லீவு வேணும். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்லேர்ந்து கார்டு வந்திருக்கு. டைப்பிஸ்ட் போஸ்ட்டு, பர்மனென்ட்டு. இங்க கடலூர்லயே சர்ட்டிபிகேட் சரிபார்ப்பு. மூணு மணியோட முடிச்சிடுவாங்களாம்."

"பதினாலாம் தேதியா? அன்னிக்குத்தானேம்மா சிதம்பரத்துல திட்டத் தொடக்க விழா!"

"விழாவுல எனக்கு என்ன சார் வேலை?"

ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உனக்கு வேல இல்லம்மா. உன் தலைக்குத்தான் வேல."

பிறகு விளக்கினார். பத்து மணிவாக்கில் பால் தேய்க்கப்படும். பத்தரைக்குச் சென்னையிலிருந்து இணை இயக்குநர், அலுவலக மொழியில் ஜே.டி., வருவார். முதல் சொம்புத் தண்ணீரை அவர் தம் கையால் தலையில் ஊற்றுவார். அதுதான் தொடக்கம். "பதினோரு மணிக்கு நீ பஸ்ல ஏறிடலாம். ஒன்னேகால் மணி நேரத்துல கடலூரு. லீவு எதுக்கு? ஆன் டியூட்டின்னே வச்சுக்க."

அந்த அட்டை வருவதற்குப் பெயர் பதிந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அடுத்தது வருவதற்குள் வயது வரம்பு முந்திக்கொள்ளும். இளவரசி ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவள் ஒன்றும் சொல்லாததை ஒப்புதலாகக் குறித்துக்கொள்வது அந்த அலுவலகத்தின் நெடுநாள் நடைமுறை.

பதினாலாம் தேதி, கீழவீதியில் ஒரு கல்யாண மண்டபம். மேடையின் பின்னால் ஃப்ளெக்ஸ். அதில் இணையத்திலிருந்து இறக்கிய, எந்த நாட்டுக்காரி என்று தெரியாத ஒரு பெண், அருவி மாதிரிக் கூந்தலுடன் சிரித்தாள். அவளுக்கு முன்னால் ஒரு மர நாற்காலி. அதில் இளவரசி, மடியில் சான்றிதழ் பையுடன்.

மகளிர் குழுத் தலைவி புஷ்பவள்ளி ஆறு தேங்காயின் முதல் பாலைக் குண்டானில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்பதே முக்காலுக்கே ராஜமாணிக்கம் உத்தரவிட்டார்: "தடவும்மா. ஜே.டி. சார் வந்து காத்துக்கிட்டிருக்கக் கூடாது."

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் இருபது நிமிடம் சொர்க்கம். அக்னி நட்சத்திரத்து வெயிலில் உச்சந்தலை குளிர்ந்தது, கண் சொருகியது. சுற்றறிக்கையில் தான் அடித்த ஒவ்வொரு வரியும் சத்தியம் என்று இளவரசி மனதார ஒப்புக்கொண்டாள். பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கண்ணைத் திறந்தாள்.

"சார், இருபது நிமிஷம் ஆயிடுச்சு. அலசிடட்டா?"

ராஜமாணிக்கம் பதறினார். "அலசறதுதாம்மா தொடக்கமே! நீ அலசிட்டா அவரு எதத் தொடங்கி வைப்பாரு?"

"அவரு வந்ததும் மறுபடி தேச்சுக்கலாமே சார்."

"ஆறு தேங்காய்க்குத்தான் சாங்ஷன்."

நிர்வாகம் என்பது இதுதான். தலை ஒன்று, தேங்காய் ஆறு, தொடக்கம் ஒரு முறை.

பத்தேகாலுக்கு மின்வெட்டு. மின்விசிறி நின்றது, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் நின்றது. மண்டபத்தில் மிஞ்சியது, சந்தனம் குங்குமம் இட்டு மேசையில் வைத்திருந்த ஒரு சொம்புத் தண்ணீர். அது ஜே.டி. சாருடையது. அதைக் காக்க ஒருவர் நியமிக்கப்பட்டார்.

பத்தே முக்காலுக்கு ராஜமாணிக்கம் செல்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அறிவித்தார்: "ஐயா திருவதிகையில தரிசனத்துல இருக்காரு."

பதினொன்றரைக்கு: "பண்ருட்டியில பலாப்பழம் பாத்துக்கிட்டு இருக்காரு."

அலுவலக உதவியாளர் லூர்துசாமி பணிவோடு கேட்டார்: "தட்டிப் பாக்கறாரா சார், அறுத்துப் பாக்கறாரா? தட்டிப் பாத்தா சீக்கிரம் முடிஞ்சிடும்."

"உனக்கு எல்லாத்துலயும் நக்கலு ஜாஸ்திய்யா."

இதற்குள் பால் காய ஆரம்பித்துவிட்டது. காய்ந்த தலையை உயர் அலுவலருக்குக் காட்டுவது முறையல்ல. ராஜமாணிக்கம் நெடுநேரம் யோசித்து, 'அலசல் எனக் கருதப்படாத அளவில்' நீர் தெளிக்கலாம் என்று அனுமதித்தார். லூர்துசாமி தன் குடிநீர் பாட்டிலைத் திறந்து, விரலால் தொட்டுத் தொட்டு, பூச்செடிக்குத் தெளிப்பதுபோல் தெளித்தார்.

அடுத்து எறும்பு. நாற்காலிக் கால் வழியாக வரிசையாக, யாரும் அழைக்காமலே, குறித்த நேரத்துக்கு வந்த ஒரே பார்வையாளர்கள். புஷ்பவள்ளி தேங்காய் துருவிய கொட்டாங்கச்சிகளில் நாலை எடுத்து, அந்தப் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி, நாற்காலியின் நாலு கால்களையும் அதில் நிறுத்தினாள். தேங்காயின் ஒரு பாகமும் வீண் போகவில்லை என்று ராஜமாணிக்கம் நெகிழ்ந்து குறிப்பெடுத்துக்கொண்டார்.

"ஏங்க்கா, புளிச்ச வாடை வருதா?" இளவரசி மெல்லக் கேட்டாள்.

"வாடையா? மோராயி, தயிராயி, இப்ப அதுக்கும் மேல எங்கியோ போயிடுச்சு. மூச்ச வாயால உடு."

பன்னிரண்டரை. "வடலூர்ல பந்தியில உக்காந்துட்டாராம். பந்தியில உக்காந்த மனுசன எழுப்பக் கூடாது."

காது மடலின் பின்னால் இறங்கிய ஒரு சொட்டு, கழுத்தில் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. இளவரசி தன்னை எது அந்த நாற்காலியில் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்த்தாள். கயிறு இல்லை. எழுந்திருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்திருக்க ஆறு வருடத்தில் அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. சுவர்க் கடிகாரம் பேட்டரியில் ஓடுவது. அது மட்டும் மின்வெட்டைப் பொருட்படுத்தாமல் ஒன்றேகாலைக் காட்டியது.

அவள் எழுந்தாள். ஒரு கொட்டாங்கச்சி உருண்டது.

"சார், நான் போறேன்."

"எங்க?"

"கடலூருக்கு."

"தலையோடயா?"

"வச்சிட்டுப் போக முடியாதுங்களே சார்."

"அஞ்சு நிமிஷம்மா! சேத்தியாத்தோப்பு தாண்டிட்டாராம்!"

"ஒன்பதாம் பக்கத்துல இருபது நிமிஷம்னு அடிச்சவளே நான்தான் சார். இப்ப இருநூத்திப் பத்து." அவள் சொம்பைப் பார்த்தாள். காவலுக்கு நின்றவர் அதன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். இளவரசி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டாள்.

லூர்துசாமி வாசலில் மொபெட்டைக் கிளப்பி வைத்திருந்தார். "ஏறும்மா. மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்க, நான் வண்டி ஓட்டணும்."

தேங்காய்ப் பாலின் பயன்களில் சுற்றறிக்கை குறிப்பிடத் தவறிய ஒன்று பேருந்தில் தெரியவந்தது. நிற்கக்கூட இடமில்லாத வண்டியில், புதுச்சத்திரம் வருவதற்குள் இளவரசிக்கு ஒரு சீட் கிடைத்தது. ஆலப்பாக்கத்துக்குள் அந்த வரிசை முழுவதும் கிடைத்தது.

நடத்துநர் கையை நீட்டி, உடம்பை நீட்டாமல், சீட்டைக் கொடுத்தார். "தலையில இன்னாம்மா அது?"

"அரசுத் திட்டம்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டைக் கிழிக்கப் போனார்.

சரிபார்ப்பு நடந்த கூடத்தில் அவள் நுழைந்தபோது இரண்டே முக்கால். முன்னால் முப்பது பேர். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்து, ஒவ்வொருவராக விலகி வழிவிட்டார்கள். மேசையில் இருந்த அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி, மற்றவர்களிடம் கால் மணி நேரம் குடைந்த கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல், "எல்லாம் ஒரிஜினல்தான், எல்லாம் ஒரிஜினல்தான், கெளம்பும்மா" என்று கையெழுத்திட்டார்.

ஏறத்தாழ அதே நேரத்தில் இணை இயக்குநர் இரண்டு பலாப்பழங்களுடன் சிதம்பரம் மண்டபத்தில் இறங்கினார். தலை இல்லை. ஆனால் விழா நின்றுவிடவில்லை. ராஜமாணிக்கம் சமயோசிதமாக வழிகாட்ட, அவர் சொம்புத் தண்ணீரை ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் உச்சியில் ஊற்றினார். கைதட்டல். புகைப்படம். 'பயனாளியின் கூந்தலிலிருந்து ஒரு முடிகூட உதிரவில்லை' என்று அன்று மாலையே அறிக்கை போனது. அதில் பொய் எதுவும் இல்லை.

இருந்தாலும் ஒழுங்கு என்று ஒன்று உண்டல்லவா? மறுநாள் ராஜமாணிக்கம் இளவரசிக்கு ஒரு குறிப்பாணை எழுதினார். தட்டச்சு செய்ய அவளைத் தவிர ஆள் இல்லாததால் கையாலேயே எழுதினார். 'அலுவலகப் பயன்பாட்டில் இருந்த தலையை முன் அனுமதியின்றி நிகழ்விடத்திலிருந்து அப்புறப்படுத்தியமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

லூர்துசாமி தலையைச் சொறிந்தார். "சார், நடவடிக்க எடுக்கணும்னா அந்தப் பொண்ணு இங்க வேல பாக்குதுன்னு ஆவணும். எண்பத்தொம்பது நாளைக்கு ஒருக்கா நிறுத்தி நிறுத்தி வச்சி, ஒரு ரிஜிஸ்டர்லயும் பேரு ஏத்தாமத்தான வச்சிருக்கோம்? பர்மனென்ட் கேட்டுடும்னு நீங்கதான சொன்னீங்க. இல்லாத ஆளு மேல எப்பிடி சார் மெமோ?"

ராஜமாணிக்கம் அயர்ந்துவிடவில்லை. கடமை கண்ணை மறைக்கும் தருணங்கள் அவருக்கு உண்டு. பேனாவை எடுத்து, 'இளவரசி' என்ற பெயருக்கு முன்னால் ஒரு வரியைச் சேர்த்தார்: '2002 முதல் இவ்வலுவலகத்தில் இடைவிடாது பணிபுரிந்துவரும்'. கையெழுத்து, தேதி, முத்திரை.

அது இளவரசியின் கைக்கு வந்த வாரத்திலேயே புதிய வேலைக்கான உத்தரவும் வந்தது. உத்தரவை அவள் ஒரு தடவை படித்தாள். குறிப்பாணையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஆறு வருடம் அடித்த விரல்களுக்குக் கிடைக்காத பதிவு, ஒரு நாள் ஊறிய தலைக்குக் கிடைத்திருந்தது, அதுவும் தண்டிப்பதற்காக.